செனட்டர் ஸ்டான்ஃபோர்டின் ஊர்கள்

பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியா வரும் நம்மூர்ப் பெற்றோர் தவறாமல் போகும் இடங்களில் ஒன்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை மேற்படிப்புப் படித்த இடம். கூகுள் முளைத்த வளாகம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிகிறது. ஸ்டான்ஃபோர்ட் என்பவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. யாரோ பழைய விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். அவர் வக்கீலாகத் தொடங்கியவர். பிறகு மளிகைக் கடை வைத்தார், கலிபோர்னியாவின் ஆளுநரானார், ரயில் கம்பெனித் தலைவரானார், செனட்டராக இருக்கும்போதே இறந்தார். பல்கலைக்கழகத்தின் சட்டப்படியான பெயரோ இன்றும் ‘லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியர் பல்கலைக்கழகம்’. அப்பாவின் பெயர்தான் மகனுக்கும். 15 வயதில் இறந்துபோன ஒரே மகன் அவன்.

இந்தக் குடும்பத்தின் கதையை அது நடந்த ஊர்களிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. சான் ஹோசேயில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்தான். “ஸ்டான்ஃபோர்ட் இங்கேர்ந்து அரை மணி நேரம் மாமா. அதுக்கு எதுக்கு சாக்ரமென்டோ வரைக்கும் போகணும்?” என்று மட்டும் கேட்டான். முதலில் சாக்ரமென்டோ, அங்கிருந்து சியரா நெவாடா மலை, கடைசியில்தான் பாலோ ஆல்டோ என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காசு வந்த வழியைப் பார்த்துவிட்டு அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்ப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

சாக்ரமென்டோ கலிபோர்னியாவின் தலைநகரம். சட்டமன்றக் கட்டடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்டான்ஃபோர்ட் மாளிகை இருக்கிறது; இப்போது மாநில அரசின் நினைவில்லம். வழிகாட்டியாக வந்த அம்மையார் எங்களை நேராக வாசலுக்கு அழைத்துப் போகாமல் தெருவில் நிற்கவைத்து வீட்டை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஸ்டான்ஃபோர்ட் 1861-இல் வாங்கியபோது இது ஓரளவு பெரிய வீடு, அவ்வளவுதான். 1862 ஜனவரியில் பெருவெள்ளம் வந்து நகரமே மூழ்கியது. அந்த மாதம்தான் அவர் ஆளுநர் பதவி ஏற்க வேண்டும். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சரைப் போல மக்கள் வாக்களித்து வருகிற பதவி. பதவியேற்புக்குப் படகில் போனவர், திரும்பி வந்தபோது மாடி ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைய முடிந்தது என்றார் அந்த அம்மையார். பின்னால் ஊரே தெருக்களை மண்கொட்டி உயர்த்திக்கொண்டது. ஸ்டான்ஃபோர்ட் 1871-72-இல் தன் வீட்டை அப்படியே தூக்கி நிறுத்தி, கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம் சேர்த்து, பழைய வீட்டைப் போலப் பல மடங்கு பெரிதாக்கினார். இடையில் ரயில்பாதை முடிந்திருந்தது, பணமும் வந்திருந்தது.

சாப்பாட்டு அறையில் ஒரு கதை சொன்னார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் கதைதான் என்றாலும் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்கும்போது உள்ளே இறங்குகிறது. ஸ்டான்ஃபோர்டும் ஜேனும் 1850-இல் மணந்தவர்கள். 18 ஆண்டு குழந்தை இல்லை. 1868 மே 14 அன்று, ஜேனுக்கு 39 வயதில், மகன் பிறந்தான். சில வாரங்கள் கழித்து நண்பர்களை விருந்துக்கு அழைத்தார் ஸ்டான்ஃபோர்ட். எல்லோரும் உட்கார்ந்ததும் பரிசாரகர் ஒரு பெரிய வெள்ளித் தட்டை மூடியோடு கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். மூடியை எடுத்தால் பூக்களுக்கு நடுவில் குழந்தை. “என் மகனை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்” என்கிற மாதிரி ஏதோ சொல்லி, தட்டோடு குழந்தையை ஒவ்வொருவரிடமும் காட்டச் சொன்னாராம். ஆரவாரமாகப் பேசத் தெரியாத, கனத்த உடம்புக்காரர், கேள்வி கேட்டால் வெகுநேரம் யோசித்துப் பதில் சொல்கிறவர் என்றுதான் அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் செய்த ஒரே விளையாட்டு இதுவாக இருக்கும்.

அவர் சாக்ரமென்டோவுக்கு வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. 1824-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அன்றைக்குச் சட்டம் படிப்பது என்றால் கல்லூரிக்குப் போவதைவிட வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்து கற்பதே வழக்கம். ஆல்பனியில் அப்படிக் கற்று 1848-இல் வழக்கறிஞரானார். விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்ற சிறு துறைமுகத்தில் தொழில் தொடங்கினார். மகனுக்காக அப்பா வாங்கிக் கொடுத்த சட்டப் புத்தகங்கள் அந்த வட்டாரத்திலேயே பேர்போனவை. 1852-இல் அலுவலகம் தீப்பிடித்துப் புத்தகங்கள் மொத்தமும் எரிந்தன. அந்தத் தீயோடு வக்கீல் தொழிலும் போயிற்று. தங்கம் தேடிப் போனவர்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த தம் சகோதரர்களோடு சேரக் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏறினார். தங்கச் சுரங்கத்து முகாம் ஒன்றில் கடை போட்டார். சுரங்கம் தோண்டுகிறவர்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்கும் உள்ளூர் நீதிபதி வேலையும் பார்த்தார். சட்டம் படித்தது அங்கே பயன்பட்டது.

அப்புறம் சாக்ரமென்டோவில் மொத்த வியாபாரம். அதே ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த காலிஸ் ஹன்டிங்டன், மார்க் ஹாப்கின்ஸ், துணிக்கடை வைத்திருந்த சார்லஸ் கிராக்கர். இந்த நான்கு கடைக்காரர்கள்தான் அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே போகும் ரயில்பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டவர்கள். தியடோர் ஜூடா என்ற பொறியாளர் மலையை அளந்து வரைபடத்தோடு வந்தார். இவர்கள் பணம் போட்டார்கள். 1861-இல் சென்ட்ரல் பசிபிக் ரயில்வே உருவாயிற்று. ஸ்டான்ஃபோர்ட் அதன் தலைவர். மறு வருஷமே மாநிலத்தின் ஆளுநர்.

ஒரே ஆள் அரசாங்கத்துக்கும் தலைவர், அரசாங்கத்திடம் பணம் வாங்கும் கம்பெனிக்கும் தலைவர். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் திடுக்கிடுகிறது. ரயில்வேயின் வக்கீலான எட்வின் கிராக்கரை, அதாவது பங்காளி கிராக்கரின் அண்ணனை, மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமித்தவரும் இவரே. ஒரு விஷயம் இன்னும் வினோதம். மத்திய அரசு ரயில்பாதைக்கு மைல் கணக்கில் கடன்பத்திரம் கொடுத்தது: சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், கடும் மலையில் 48,000 டாலர். சியரா நெவாடா மலை எங்கே தொடங்குகிறது? சாக்ரமென்டோவிலிருந்து ஏழு மைலில், ஆர்கேட் ஓடைக்கு அருகில், மண்ணின் நிறம் மாறும் இடத்தில் தொடங்குகிறது என்று மாநில நிலவியலாளரிடம் கருத்து வாங்கி வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். லிங்கனின் அரசு ஏற்றுக்கொண்டது. நாங்கள் அந்த இடத்தைக் காரில் கடந்தோம். மேசைப் பலகை போலச் சமமான நிலம்.

ஊரின் பழைய பகுதியில், ஆற்றோரம், கலிபோர்னியா மாநில ரயில் அருங்காட்சியகம். அந்தக் கம்பெனியின் முதல் எஞ்சின் அங்கே நிற்கிறது. பெயர் ‘கவர்னர் ஸ்டான்ஃபோர்ட்’. கிழக்கே செய்து, துண்டு துண்டாகப் பிரித்து, தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து இங்கே கோத்தது. எஞ்சினின் நெற்றியில் பெரிய விளக்கு, மேலே புனல் போல விரிந்த புகைபோக்கி, மினுங்கும் பித்தளை. நம்மூர் நீராவி எஞ்சின்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சின்னதாகத் தெரிந்தது. 7,000 அடி ஏறப்போகிற பாதைக்கு இதைத்தான் முதலில் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் அந்த 7,000 அடிக்கே போனோம். சாக்ரமென்டோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். டானர் கணவாயில் பழைய நெடுஞ்சாலை ஓரமாகக் காரை நிறுத்தினால், எதிர்ப் பாறைச் சரிவில் ரயில் சுரங்கங்களின் வாய்கள் தெரிகின்றன. 1993-க்குப் பிறகு அந்தத் தடத்தில் ரயில் ஓடுவதில்லை, இரும்பைக் கழற்றிவிட்டார்கள். பலரும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இரண்டு சுரங்கங்களுக்கு இடையே, பள்ளத்தை அடைத்து, கல்மேல் கல்லாக அடுக்கிய ஒரு சுவர் நிற்கிறது. சாந்து கிடையாது. 150 ஆண்டுக்கு மேல் பனியையும், 1993 வரை ரயிலின் எடையையும் தாங்கிய சுவர். ‘சீனச் சுவர்’ என்றே அதற்குப் பெயர், கட்டியவர்கள் சீனர்கள் என்பதால்.

சுரங்கத்தின் வாயில் நின்று சுவரைத் தடவிப் பார்த்தேன். கருங்கல். அதில் விரல் நுழையும் அகலத்துக்குப் பாதி உருளையாகப் பள்ளங்கள், வரிசையாக. உளி இறங்கிய தடங்கள். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க மற்றவர்கள் சம்மட்டியால் அடிப்பார்கள். துளை ஆழமானதும் வெடிமருந்தைத் திணித்துத் திரி வைத்துவிட்டு ஓட வேண்டும். 6-ஆம் எண் சுரங்கம் 1,659 அடி நீளம். இரண்டு முனைகளிலிருந்தும் குடைந்தார்கள். போதாது என்று நடுவில் மேலிருந்து கிணறு வெட்டி இறங்கி அங்கிருந்தும் இரண்டு பக்கமாகக் குடைந்தார்கள். இரவு பகலாக மூன்று முறை ஆள் மாற்றியும் ஒரு முகத்தில் நாளுக்கு ஓரடி, சற்றுக் கூடுதலாக, அவ்வளவுதான் நகர்ந்தது. பிறகு நைட்ரோகிளிசரினை அங்கேயே காய்ச்சிப் பயன்படுத்தினார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனிப்புயல் மேல் பனிப்புயல். குடியிருந்த கொட்டகைகள் பனிக்கு அடியில் புதைந்துபோக, பனியையே குடைந்து வழி செய்துகொண்டு வேலைக்குப் போய்வந்தார்கள். பனிச்சரிவில் முகாமோடு அடித்துப்போகப்பட்டவர்களின் உடல்கள் வெயில் வந்த பிறகுதான் கிடைத்தன.

அக்கா மகன் ஒன்றும் பேசாமல் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தான். “எத்தனை பேர் மாமா செத்திருப்பாங்க?” என்றான். கணக்கே எழுதவில்லை என்றேன். கம்பெனி வைத்திருந்த சம்பளப் பேரேடுகளில் சீனத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குப் பெயர்கூடக் கிடையாது. கங்காணி பெயரில் மொத்தத் தொகையை எழுதிவிடுவார்கள்.

உச்ச கட்டத்தில் 10,000 பேருக்கும் மேல். சென்ட்ரல் பசிபிக் தொழிலாளர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் சீனர்களே. பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்துக் கிராமத்து இளைஞர்கள். மாதக் கூலி 30 முதல் 35 டாலர், சாப்பாடு அவர்கள் செலவு. வெள்ளைக்காரத் தொழிலாளிக்கு அந்தக் கூலியோடு சாப்பாடும் படுக்கையும் உண்டு. 1867 ஜூனில் இந்த மலையில் ஆயிரக்கணக்கான சீனர்கள் வேலையை நிறுத்தினார்கள். 40 டாலர் கேட்டார்கள். சுரங்கத்துக்குள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். சத்தம் இல்லை, அடிதடி இல்லை; முகாமை விட்டு வெளியே வராமல் உட்கார்ந்துவிட்டார்கள். சார்லஸ் கிராக்கர் மலைமேல் அரிசியும் சாமானும் போவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் பட்டினி அவர்களை மறுபடி உளி எடுக்க வைத்தது.

ஸ்டான்ஃபோர்டை நான் மன்னிக்க முடியாத இடம் இந்த மலைதான். 1862-இல் ஆளுநராகப் பேசிய முதல் உரையிலேயே சீனர்கள் கீழான இனம், அவர்கள் வருவதைத் தடுக்க வேண்டும் என்றார். மூன்றே ஆண்டில், 1865-இல், கம்பெனித் தலைவராகக் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு அனுப்பிய அறிக்கையில் அதே மக்களைப் பொறுமைசாலிகள், உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள் என்று பாராட்டி, அவர்கள் இல்லாமல் பாதையை முடிக்க முடியாது என்று எழுதினார். மனம் மாறியிருந்தால் மகிழலாம். கூலியும் மாறியிருக்க வேண்டுமே.

1869 மே 10. யூட்டாவில் பிரமன்டரி சிகரத்தில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்தன. சாக்ரமென்டோவிலிருந்து 690 மைல். தங்க ஆணியை வைத்து அடித்தவர் ஸ்டான்ஃபோர்ட். அந்த ஆணியைப் பாலோ ஆல்டோவில் பார்க்கப் போகிறோம்.

மலையிறங்கி வரும் வழியெல்லாம் அவருடைய செனட் காலத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அந்தக் காலத்தில் அமெரிக்க செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. 1885 ஜனவரியில் கலிபோர்னியாவின் இடம் ஆரன் சார்ஜன்ட் என்பவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஹன்டிங்டனின் நெருங்கிய நண்பர் அவர். கடைசி நேரத்தில் அது ஸ்டான்ஃபோர்டுக்குப் போயிற்று. ஹன்டிங்டன் மறக்கவில்லை. 1890-இல், இவர்களின் இன்னொரு ரயில் கம்பெனியான சதர்ன் பசிபிக்கின் தலைவர் நாற்காலியிலிருந்து ஸ்டான்ஃபோர்டை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்தார்.

செனட்டில் அவர் அதிகம் பேசியவர் இல்லை. ஆனால் கொண்டுவந்த மசோதாக்களைப் படித்தால் வியப்பாக இருக்கும். 1886-இல், தொழிலாளர்கள் தாங்களே முதலாளிகளாகச் சேர்ந்து கூட்டுறவு நிறுவனம் அமைக்க வழிசெய்யும் மசோதா. 1890-இல், விவசாயிகளின் நிலத்தை அடமானமாக வைத்து, அதன் மதிப்பில் பாதிவரை, வெறும் 2 சதவீத வட்டிக்கு அரசே கடன் கொடுக்க வேண்டும் என்ற மசோதா. இரண்டும் நிறைவேறவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றவர் அவர். 40 டாலர் கேட்டவர்களைப் பட்டினி போட்ட கம்பெனியின் தலைவர் இருபது ஆண்டு கழித்துத் தொழிலாளிக்கே தொழில் சொந்தமாக வேண்டும் என்கிறார். நடுவில் நடந்தது மகனின் சாவு. வேறு காரணமும் இருக்கலாம்; எனக்குத் தெரிந்து இவ்வளவு பெரிய காரணம் வேறில்லை.

1884-இல் மூவரும் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். மகனுக்குப் பழம்பொருள் சேர்ப்பதில் பெரிய ஆசை. ஏதென்ஸில் அகழ்வாராய்ச்சிக்காரர் ஹைன்ரிக் ஷ்லீமனையே போய்ச் சந்தித்தான். அங்கே காய்ச்சல் பிடித்தது. டைஃபாய்டு. ஃபிளாரன்ஸ் நகரில் மார்ச் 13 அன்று, பதினாறு வயது நிரம்ப இரண்டு மாதம் இருக்கையில், இறந்தான். இனிமேல் கலிபோர்னியாவின் பிள்ளைகள் நம் பிள்ளைகள் என்று ஸ்டான்ஃபோர்ட் மனைவியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். ஊர் திரும்பும் வழியில் ஹார்வர்ட் தலைவர் சார்லஸ் எலியட்டைச் சந்தித்துப் பல்கலைக்கழகம் அமைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்கள். நிலமும் கட்டடமும் போக 50 லட்சம் டாலருக்குக் குறையாத மூலதனம் வேண்டும் என்றார் அவர். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அது நம்மால் முடியும் என்றார்கள். சாதாரண உடையில் வந்தவர்களை ஹார்வர்ட் அவமதித்து அனுப்பியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையை நம்ப வேண்டாம். எலியட்டே பின்னாளில் இந்தச் சந்திப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பாலோ ஆல்டோவுக்கு ரயிலில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சான் ஹோசேயிலிருந்து கால்ட்ரெயின்.  ரயில் போட்டவரின் ஊரில் ரயிலில் இறங்குவதே சரி. ஊருக்குப் பெயர் கொடுத்த ரெட்வுட் மரம் ஓடைக்கரையில், தண்டவாளத்தை ஒட்டி, ஆயிரம் வயதைத் தாண்டி இன்னும் நிற்கிறது. பல்கலைக்கழக முத்திரையில் இருப்பதும் அதுவே. நிலையத்திலிருந்து வளாகத்துக்குக் கட்டணமில்லாத பேருந்து ஓடுகிறது. ‘மார்கரீட்’ என்று பெயர். அந்தக் காலத்தில் மாணவர்களை வண்டியில் இழுத்துப் போன குதிரையின் பெயர் அது.

குதிரைகள் இந்த மண்ணில் முதலில் வந்தவை. 1876 முதல் ஸ்டான்ஃபோர்ட் இங்கே நிலம் வாங்கிப் பந்தயக் குதிரைப் பண்ணை நடத்தினார். பாயும்போது குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று தெரிந்துகொள்ள எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை அமர்த்தினார். 1878 ஜூனில் ஓட்டப் பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரையே நூலை அறுத்துப் படம் எடுக்கும்படி செய்தார் மைபிரிட்ஜ். நான்கு காலும் எழத்தான் செய்கின்றன. சினிமாவின் வரலாறு எழுதுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். பண்ணையின் சிவப்புக் கொட்டில் இன்னும் இருக்கிறது. அந்தப் பண்ணையிலும் சீனர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் குடியிருந்த இடத்தைப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களே அகழ்ந்து பார்த்திருக்கிறார்கள்.

8,180 ஏக்கர். 1885-இல் செனட்டராக வாஷிங்டன் போன அதே ஆண்டு நவம்பர் 11 அன்று இந்த நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார்கள். 1887 மே 14, மகனின் பிறந்தநாளில் அடிக்கல். 1891 அக்டோபர் 1 அன்று வகுப்பு தொடங்கியது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கலாம். எந்த மதப் பிரிவுக்கும் கட்டுப்படாது. கல்விக் கட்டணம் கிடையாது. அந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்த பெரிய தனியார் பல்கலைக்கழகம் அன்றைய அமெரிக்காவில் அரிது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் அப்பா அம்மா இல்லாத ஒரு பையன் இருந்தான்: ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்.

நடு முற்றத்தின் மணற்கல் வளைவுகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். கல்லின் மஞ்சள் வெயிலில் பழுத்திருந்தது. அக்கா மகன் கேட்டான்: “அப்ப இது யாரோட காசு மாமா? அவரோடதா, கவர்ன்மென்டோடதா, அந்தச் சீனாக்காரங்களோடதா?” மூன்று பேருடையதும்தான் என்றேன். அதனால் கொடை கொடை இல்லாமல் போய்விடாது. அவரோடு சம்பாதித்த மற்ற மூவரும் இதே காசை வைத்துக்கொண்டு இருந்தவர்கள்தான். இவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கும்போதே இப்படிக் கொடுத்தார். கொடுத்தவரைப் போற்றுகிறபோது கூலியைக் கொடுக்காததையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

1893 ஜூன் 21 அன்று ஸ்டான்ஃபோர்ட் இங்கேயே, தூக்கத்தில் இறந்தார். இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி. சொத்துகள் நீதிமன்றத்தின் பிடியில். மறு ஆண்டு மத்திய அரசு, பழைய ரயில் கடனில் ஸ்டான்ஃபோர்டின் பங்கு என்று ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டது. பல்கலைக்கழகத்தை மூடிவிடுங்கள் என்று ஆலோசகர்கள் ஜேனிடம் சொன்னார்கள். மூடவில்லை. குடும்பச் செலவுக்கு மாதம் 10,000 டாலர் எடுத்துக்கொள்ள நீதிபதி அனுமதித்தார். பேராசிரியர்களை வீட்டு வேலைக்காரர்களாகக் கணக்கில் காட்டிச் சம்பளம் போகட்டும் என்று ஏற்பாடு. ஜேன் தன் வேலையாட்களைக் குறைத்து, வண்டிகளை நிறுத்தி, மாதம் சில நூறு டாலரில் வாழ்ந்தார். மிச்சமெல்லாம் பல்கலைக்கழகத்துக்கு. 1896 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் பணம் இறுகவே, 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்கு லண்டனில் செல்வந்தர்கள் கூடுவார்கள் என்று நகைகளை எடுத்துக்கொண்டு போனார். எதிர்பார்த்த விலை கிடைக்காமல் பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசியில் அந்த நகைகளை விற்று நூலகத்துக்குப் புத்தகம் வாங்க நிதியாக வையுங்கள் என்று எழுதிவைத்தார். 1908-இல் 5 லட்சம் டாலரில் நகை நிதி அமைந்தது. இன்றும் அந்த நிதியில் வாங்கும் புத்தகங்கள் இந்த நூலகத்துக்கு வருகின்றன.

ஜேனைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. மாணவிகள் தொகை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, மகன் பெயரில் உள்ள கல்லூரி பெண்கள் கல்லூரியாகிவிடுமோ என்று அஞ்சி, 1899-இல் பெண்கள் 500 பேருக்கு மேல் சேரக் கூடாது என்று விதி போட்டவர் அவரே. எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரின் பேச்சு பிடிக்காமல் 1900-இல் அவரை வெளியேற்ற வைத்தார். எதிர்ப்புத் தெரிவித்து வேறு பேராசிரியர்களும் விலகினார்கள். கணவரின் நினைவாக அவர் எழுப்பிய தேவாலயத்தின் முகப்பில் வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் பதித்த சில்லோவியம் வெயிலில் தகதகக்கிறது. 1905 பிப்ரவரி 28 அன்று ஹொனலுலுவில் ஒரு விடுதியில் ஜேன் இறந்தார். உடலில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷம் இருந்ததாக அங்கே விசாரித்த ஜூரிகள் சொன்னார்கள். கொடுத்தவர் யார் என்பது இன்றுவரை தீரவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் தேவாலயத்தின் கோபுரம் விழுந்தது, திரும்பக் கட்டவில்லை. புது நூலகக் கட்டடமும் பெரிய தோரண வளைவும் இடிந்தன.

யூகலிப்டஸ் தோப்புக்குள் மூவரின் கல்லறை. அப்பா, அம்மா, மகன். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். கேன்டர் கலைக் கூடம் என்று இப்போது பெயர். மகன் சேர்த்த பொருள்களை வைத்து ஜேன் தொடங்கியது. விற்பதற்கு முன் தன் நகைகளையெல்லாம் பரப்பிவைத்து ஓவியரைக் கொண்டு வரையச் சொன்ன படம் இங்கே இருக்கிறது. தங்க ஆணியும் இங்கேதான். கையடக்கம். நான்கு பக்கமும் எழுத்து. ரயில் முடிந்த தேதி மே 8 என்று பொறித்திருக்கிறது. விழா அன்றைக்கே நடப்பதாக இருந்து, கிழக்கிலிருந்து வந்த அதிகாரியின் ரயிலைச் சம்பளம் கிடைக்காத தொழிலாளிகள் மறித்து நிறுத்தியதால் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. ஆணியில் கம்பெனி அதிகாரிகள், இயக்குநர்கள் பெயர்கள் இருக்கின்றன. சீனப் பெயர் ஒன்றுகூட இல்லை.

இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களே கார்டன் சாங், ஷெல்லி ஃபிஷர் ஃபிஷ்கின் ஆகியோர் தலைமையில் பல ஆண்டு தேடி, சீன ரயில் தொழிலாளர்களின் வரலாற்றைத் திரட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவிலும் சீனாவிலும் தேடியும், அந்தத் தொழிலாளிகள் தம் கையால் எழுதிய ஒரு கடிதம்கூடக் கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டின் பணத்தில் கட்டிய இடம் ஸ்டான்ஃபோர்டின் கணக்கைத் திறந்து பார்ப்பதை நான் அவருடைய கொடையின் ஆகச் சிறந்த பலனாக நினைக்கிறேன்.

கேன்டர் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. போகிறவர்கள் அந்த ஆணியைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கடைசித் தண்டவாளத்தை வைத்த சீனர்களில் மூன்று பேர் 1919-இல் நடந்த ஐம்பதாம் ஆண்டு விழா வரை உயிரோடு இருந்தார்கள். அவர்கள் பெயரை அன்றைக்கு எழுதிவைத்திருக்கிறார்கள்: ஜிங் குய், வாங் ஃபுக், லீ ஷாவ்.